தோட்டமும் தாமானும்

சுங்கை பட்டாணியில் நாங்கள் வாங்கிய வீடு இருபதுக்கு எழுபது. தொடர் வீடு வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்: 1,400 சதுர அடி. பின்பக்கத்தை முன்பு இருந்தவர்களே சமையலறைக்காக இழுத்துக் கட்டிவிட்டார்கள். முன்பக்கம் முழுக்கச் சிமெண்டு. கார் நிறுத்தியதுபோக ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் மிச்சம். அந்த இடத்தை அழகாக்கித் தருவதாகச் சொல்லி ஒரு சீனர் வந்தார். கையிலிருந்த டேப்லெட்டில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். பாலி ஸ்டைல், ஜென் ஸ்டைல், வெள்ளைக் கூழாங்கல், ஜப்பான் மூங்கில், சுவரிலிருந்து வழியும் தண்ணீர். எட்டாயிரம் ரிங்கிட் ஆகும் என்றார்.

அம்மா கடைசிப் படம்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார். "பொக்கோ காரி தாரோ மானா?"

"காரி பெலாகாங்லா, ஆன்ட்டி."

கருவேப்பிலை பின்பக்கம் போகணுமாம். பின்பக்கத்தில் மண்ணே இல்லை. அம்மாவின் கருவேப்பிலை பழைய ஃபிளாட்டின் ஐந்தாவது மாடியில் பால்மாவு டின்னிலேயே பல வருஷம் வாழ்ந்தது. தோட்டத்தில் பாட்டி வைத்திருந்த மரத்தின் வேர்க்கன்று அது. அதற்காகத்தான் தரையோடு உள்ள வீடாகப் பார்த்தோம் என்றுகூடச் சொல்லலாம். சீனரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். படத்தில் பார்ப்பதைவிட நேரில் நான்கு பூங்காக்களைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு செப்டம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். நான்கு நினைத்து, மூன்றைத்தான் பார்த்தோம். வீட்டு முகப்புக்கு யோசனை தேடிப் போனவள் வேறு எதையோ தேட ஆரம்பித்த கதைதான் இது.

அதற்குமுன் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த தோழி ஒருத்தியிடம் "நான் தோட்டத்துல பொறந்தவ" என்று ஒருமுறை சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி. பூச்செடிகளுக்கு நடுவே தொட்டில் கட்டிப் பிறந்ததாக நினைத்துக்கொண்டாள்போல. நமக்குத் தோட்டம் என்றால் எஸ்டேட். கித்தா மரம், லயம், பெரட்டு, கிராணி, தண்டல், தொரை எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டம். பெயர் காரணமில்லாமல் வரவில்லை. கொங்குப் பக்கம் கிணற்றுப் பாசன நிலத்தையே தோட்டம் என்கிறார்கள். இலங்கை மலையகத்திலும் தேயிலை எஸ்டேட் தோட்டம்தான். ஆனால் மலேசியாவில் இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது ஒவ்வொன்றும் 'தாமான்' என்ற பெயரோடு வந்தது. தாமான் என்ற மலாய்ச் சொல்லுக்கும் பூங்கா, தோட்டம் என்றுதான் பொருள். "தோட்டத்துல இருந்து தாமானுக்கு வந்துட்டோம்" என்று தொண்ணூறுகளில் எத்தனையோ குடும்பங்கள் சொல்லியிருக்கும். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு. நடுவில் பாட்டியின் கொல்லைதான் காணாமல்போனது.

முதல் ஞாயிறு பினாங்கு தாவரவியல் பூங்கா. மலாயில் கெபுன் புங்கா என்பார்கள். நம்மவர்களுக்கு அந்த வட்டாரமே தண்ணீர்மலை. தைப்பூச ரதம் வந்துசேரும் இடம். ஒரே அருவியை வைத்து வெள்ளைக்காரன் ஒரு பூங்காவும் தமிழன் ஒரு முருகனும் கண்டெடுத்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் அம்மா நின்றுவிட்டார். நாகலிங்க மரம். கிளையில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே கொடிபோல் தொங்கும் காம்புகளில் பூ, அதன் பக்கத்திலேயே பீரங்கிக் குண்டு மாதிரி பழுப்புக் காய்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார். கீழே விழுந்திருந்த பூவை எடுத்து, நடுவில் லிங்கத்தையும் அதன்மேல் கவிந்த படத்தையும் எனக்குக் காட்டினார். அது தென்னமெரிக்க மரம், கயானா, அமேசான் பக்கம் உள்ளது என்று நான் சொன்னேன்.

"அதனால என்னா? சிவனுக்குத் தெரியாதா அந்த எடம்?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அமேசான் என்ற சொல் எனக்குள் ஒட்டிக்கொண்டது. அன்று முழுக்க ஒவ்வொரு மரத்தின் கீழும் ஊர் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதிக்கு மேல் இந்த ஊர் மரங்கள் இல்லை. யாரோ கொண்டுவந்து வைத்தவை.

கொண்டுவந்து வைப்பதுதான் இப்படிப்பட்ட பூங்காக்களின் வேலையே. பினாங்கில் அது இந்தப் பூங்காவுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1790களில் கிழக்கிந்தியக் கம்பெனி, மொலுக்கஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை இங்கே கொண்டுவந்து வளர்த்தது. டச்சுக்காரர்கள் வாசனைப் பொருள் வியாபாரத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அந்தப் பிடியைச் செடியால் உடைக்கப் பார்த்தார்கள் ஆங்கிலேயர்கள். இலாபம் உடனே வராததால் சில ஆண்டுகளில் அந்தத் தோட்டத்தை விற்றும்விட்டார்கள். இன்று பினாங்கில் சுற்றுலாப் பயணிகள் குடிக்கும் ஜாதிக்காய் ஜூஸுக்கு அடியில் இப்படி ஒரு வியாபாரச் சண்டை கிடக்கிறது.

இப்போதுள்ள பூங்கா 1884இல் தொடங்கியது. அமைத்தவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். இவருடைய பழைய வேலைதான் எனக்குச் சுவாரசியம். பினாங்குக்கு வருமுன் அவர் இங்கிலாந்தின் வெய்ட்ச் நர்சரிக்காகச் செடி தேடி அலைந்தவர். மடகாஸ்கர், போர்னியோ, சுமத்ரா என்று காடு காடாகப் புகுந்து ஆர்க்கிட்களையும் குடுவைச் செடிகளையும் கப்பலேற்றினார். அவை எதற்கு? இங்கிலாந்துப் பணக்காரர்களின் கண்ணாடி வீடுகளுக்கு, அவர்கள் வீட்டுத் தோட்டத்தை அழகாக்க. டேப்லெட் வைத்திருந்த சீனருக்கு நூற்றைம்பது வருஷ முன்னோடி ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன். பாலி ஸ்டைலுக்குப் பதிலாக அன்று போர்னியோ ஸ்டைல்.

ஆனால் கர்ட்டிஸிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது. அவருக்குக் கிடைத்த இடம் ஒரு பழைய கருங்கல் குவாரி. கல் உடைத்துக் குதறிப்போட்ட பள்ளத்தாக்கு. அவர் அதைச் சமப்படுத்தவில்லை. பாறை கிடந்த இடத்தில் பாறை, ஓடை வளைந்த இடத்தில் பாதையும் வளைகிறது, சரிவில் புல். இன்றும் அங்கே நடந்தால் நிலம்தான் நம்மை நடத்துகிறது. 1903வரை அங்கே இருந்தார் கர்ட்டிஸ். நான் படித்த எதிலும் அந்தப் பாறைகளுக்கு நடுவே மண் சுமந்தவர்களின் பெயர் இல்லை. அவர் பெயர் மட்டும் உண்டு.

"சிமெண்டு போடாம விட்டிருக்கான் பாரு" என்றார் அம்மா. அவருடைய பாராட்டு அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு தெற்கே. முதலில் தைப்பிங் ஏரிப்பூங்கா. இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அழகாக இருந்தது. 1880இல் அமைத்த பூங்கா. ஏரி என்கிறோம், அது ஈயம் தோண்டிய பள்ளம். சீனக் கூட்டங்கள் லாருட்டில் ஈயத்துக்காக அடித்துக்கொண்டு செத்த காலம் முடிந்து சில ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தில் நீர் நிரப்பிக் கரையில் தூங்குமூஞ்சி மரங்களை நட்டிருக்கிறார்கள். அந்த மரங்கள் சாலையைத் தாண்டிக் கையை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. கல்யாண ஜோடிகள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். தூங்குமூஞ்சியும் அமெரிக்கக் கண்டத்து மரம்தான், 1870களில் வந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னதும், "நீ இன்னிக்கு எந்த மரத்தையும் விடமாட்டியா?" என்றார். மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்கில் மழை பிடிக்காமல் இருந்தால்தான் எழுத வேண்டும்.

மழை விட்டதும் கோலகங்சாருக்கு விட்டேன். அரைமணி நேரப் பாதை. நான் அம்மாவிடம் எதற்கென்று சொல்லவில்லை.

மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில், சாலையோரம், வேலிக்குள் ஒரு மரம் நிற்கிறது. பெரிய மரம், ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. பலகை இல்லாவிட்டால் யாரும் நிற்கமாட்டார்கள். அம்மாவுக்குப் பலகை தேவைப்படவில்லை. காரிலிருந்து இறங்குமுன்பே சொல்லிவிட்டார்: "கித்தா மரம்." பிறகு, "இங்க எதுக்கு ஒண்டியா நிக்கிது?"

ஒண்டியாக நிற்பதற்குக் கதை இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ரப்பர் விதைக்கு ஆயுள் குறைவு. வாரக்கணக்கில் கப்பலில் கிடந்தால் செத்துப்போகும். முளைத்தவை மூவாயிரத்துக்கும் கீழே. அதில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில், அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்தில் நட்டார்கள். ஆமாம், வீட்டுத் தோட்டத்தில்தான். லோவுக்குச் செடிப் பைத்தியம் உண்டு. காப்பி, தேயிலை, சின்கோனா என்று எதையும் வைத்துப் பார்ப்பார். அந்த ஒன்பதில் மிஞ்சிய ஒன்றுதான் அம்மா பார்த்துக்கொண்டிருந்த மரம்.

ஒரு மனிதர் தன் வீட்டுக் கொல்லையில் ஆசைக்கு வைத்த கன்று. அதிலிருந்துதான் பெரட்டு வந்தது, கங்காணி வந்தான், கப்பல் வந்தது, என் கொள்ளுத்தாத்தா வந்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்படி நேர்க்கோட்டில் நடக்கவில்லை. இருபது வருஷம் இந்த மரத்தை யாரும் சீண்டவில்லை. அப்போது காப்பிதான் பணம். சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு 1888இல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, சட்டைப் பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு பார்க்கும் துரைமார்களிடமெல்லாம் நடச் சொல்லிக் கெஞ்சினார். பைத்தியக்கார ரிட்லி என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். அவர் செய்த பெரிய வேலை விதை கொடுத்தது இல்லை, வெட்டு. பிரேசிலில் கோடரியால் கொத்திப் பால் எடுத்து மரத்தையே பாழாக்கினார்கள். ரிட்லி, பட்டையில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, அடுத்தமுறை அதே வெட்டின் விளிம்பையே மறுபடி சீவினால் பால் கூடுவதைக் கண்டார். பட்டையும் திரும்ப வளர்ந்துவிடும். விடியற்காலையில் வெட்டினால் பால் நிறைய ஓடும். 1890களில் காப்பி விலை சரிந்தது. 1896இல் மலாக்காவின் டான் சாய் யான், ரிட்லியின் பேச்சை நம்பிப் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அப்புறம் மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது. 1907இல் தமிழர்களை அழைத்துவரத் தனி நிதியே உண்டானது.

பூங்காவில் ஒரு விஞ்ஞானி கடிகாரம் பார்த்து எழுதிவைத்த ஒரு குறிப்பு, என் பாட்டியை ஐம்பது வருஷம் விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பியிருக்கிறது. ரிட்லி நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1956இல் இறந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்க வழி கண்டவர். மரத்துக்கு அப்படி யோசித்தவர்கள் வெட்டும் ஆளுக்கும் அவ்வளவு யோசித்தார்களா என்பதுதான் என் கேள்வி.

அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டையெல்லாம் முடிச்சு போட்டுருக்கு. யாரோ புதுசா வந்தவன் வெட்டியிருக்கான். காயம் படாம வெட்டத் தெரியல." காற்றில் கையைத் தூக்கி, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரு கோடு இழுத்தார். பத்துப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கு முன் பாட்டியோடு நெரையில் மங்கு துடைக்கப் போன கை. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சாய்வு மாறவில்லை.

வீடு திரும்பும்போது காரில் அம்மா பேசியதெல்லாம் பாட்டியின் கொல்லையைப் பற்றித்தான். லயத்துக்குப் பின்னால், அல்லூரைத் தாண்டி. முருங்கை, கருவேப்பிலை, பாகல் பந்தல், சாயூர் மானிஸ், செராய், மஞ்சள், ஊசிமிளகாய், பூவுக்குக் கனகாம்பரம். ஒரு ஓரம் மரவள்ளி. ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்தவர் பாட்டி, அரிசி இருந்தாலும் மரவள்ளி இல்லாத கொல்லையில் தூக்கம் வராது அவருக்கு. யாரும் படம் வரைந்து தரவில்லை. அல்லூர்த் தண்ணீர் போகும் பக்கம் மஞ்சள், வெயில் விழும் பக்கம் மிளகாய். கர்ட்டிஸ் செய்ததும் இதுதானே.

அந்தக் கொல்லைக்கும் ஒரு சட்டம் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு உள்ள தோட்டத் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் செய்ய ஒதுக்கச் சொன்னது. 2,722 சதுர அடி. நான் இருபது வருஷக் கடனில் வாங்கிய முழு வீட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைத் தருமம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொல்லையில் கீரை விளைந்தால் ஆள் ஊருக்கு ஓடமாட்டான், கூலி கொஞ்சம் குறைந்தாலும் சமாளிப்பான். அப்படியும், 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பக் கப்பலேற்றப்பட்டார்கள். அப்போது முருங்கை பூத்திருந்ததா, பாகல் காய்த்திருந்ததா என்று எந்தத் துரை கேட்டிருப்பான். கொல்லை உன்னுடையது, நிலம் உன்னுடையதில்லை.

பாட்டியின் கொல்லையை யாரும் அளந்து கொடுத்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. "எங்கம்மா கால்ல அளந்ததுதான். பன்னெண்டு எட்டு அகலம் இருக்கும்." சுதந்திரத்தையொட்டி வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிக் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பாட்டி இருந்த தோட்டத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கை மாறி, கை மாறி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீடு கட்ட விற்றார்கள். மூன்று மாத அவகாசம். நான் அப்போது சின்னப் பிள்ளை. எனக்கு நினைவிருப்பது லாரி மட்டும்தான். பாட்டி லாரியில் ஏறாமல் கொல்லையில் குந்திக்கொண்டு கருவேப்பிலை வேரைத் தோண்டிக்கொண்டிருந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தானாம். அந்தத் தோட்டம் இப்போது ஒரு தாமான். முகப்பில் பூவின் பெயர் எழுதிய வளைவு நிற்கிறது.

டேப்லெட் சீனருக்கு நான் போன் செய்தேன். பாலியும் வேண்டாம், ஜென்னும் வேண்டாம். வாசல் சுவரோரம் ஆறடிக்கு மூன்றடி சிமெண்டை மட்டும் உடைத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். அவ்வளவு சின்ன வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு வங்காளதேசிப் பையனை டிரில்லோடு அனுப்பிவைத்தார். சிமெண்டுக்கு அடியில் மண் இருக்கும் என்று நினைத்திருந்தேன். செங்கல் துண்டு, சுண்ணாம்புக் கட்டி, பெயிண்ட் டின் மூடி, பிளாஸ்டிக் கயிறு. அம்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு உதறினார். "இது மண்ணே இல்ல பாப்பா." இரண்டடி ஆழம் தோண்டி எடுத்துவிட்டு, நர்சரியிலிருந்து இருபது மூட்டை கறுப்பு மண் வாங்கிப் போட்டோம்.

பால்மாவு டின்னை அடியில் வெட்டி, வேர் கலையாமல் கருவேப்பிலையை இறக்கினார் அம்மா. வேர் டின்னின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. விரலால் மெல்லப் பிரித்துவிட்டார். முதல் வாரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது, இப்போது இரண்டு துளிர். நான் சும்மா இருக்காமல், ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கில் இந்த இடம் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். நூற்றைம்பதில் ஒன்று.

"அப்ப மஞ்சளுக்கு எடமில்ல" என்று சொல்லிவிட்டு, காலி டின் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க அம்மா உள்ளே போனார்.